கூரைக்கு முன் நிலம்

2008 மே 23ஆம் தேதி நள்ளிரவு வரை, பெங்களூரின் ஜோகுபாளையத்தில் இருந்தவர்கள் விமானம் பிடிக்க ஓர் ஆட்டோ போதுமாக இருந்தது. 1940இல் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு தொடங்கிய விமானத் தொழிற்சாலையின் ஓடுதளத்தில்தான் பெங்களூரின் பயணிகள் விமானங்களும் இறங்கி ஏறின. அந்த நள்ளிரவோடு சேவை முழுவதும் தேவனஹள்ளிக்குப் போனது. அல்சூர் ஏரிக்கரையிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது அந்த ஊர்.

ஆலைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய நிலையத்திடம் யாரும் அழகை எதிர்பார்க்கவில்லை. புதிய இடத்தில் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. ராகி வயலும் திராட்சைத் தோட்டமும், புவிசார் குறியீடு பெற்ற தேவனஹள்ளி பம்பளிமாசும் விளையும் மேட்டு நிலம் அது. அங்கே எழும் கட்டடம் எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கக்கூடிய கண்ணாடிப் பெட்டியாக இருக்கலாமா, அந்த நிலத்துக்கு உரியதாக இருக்க வேண்டுமா?

தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா விமான நிலையத்தில் 2022 நவம்பர் 11இல் திறக்கப்பட்ட இரண்டாம் முனையம் இதற்குச் சொன்ன பதில், ‘தோட்டத்துக்குள் ஒரு முனையம்’. கட்டட வடிவமைப்பு அமெரிக்காவின் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்துடையது. தோட்ட வடிவமைப்பு, சிங்கப்பூரின் ‘கார்டன்ஸ் பை த பே’ பூங்காவில் பணியாற்றிய இங்கிலாந்தின் கிராண்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்துடையது. முதல் கட்டத்தின் பரப்பு 2,55,645 சதுர மீட்டர். ஆண்டுக்கு இரண்டரைக் கோடிப் பயணிகளைத் தாங்கும். உள்நாட்டு விமானங்கள் 2023 ஜனவரியிலும் பன்னாட்டு விமானங்கள் அதே ஆண்டு செப்டம்பரிலும் இங்கிருந்து கிளம்பத் தொடங்கின. மூங்கில் போர்த்திய தூண்கள், மூங்கில் பின்னல் கூரை, கூரையிலிருந்து தொங்கும் செடிகள், உள்ளேயே கொட்டும் அருவி. படம் எடுக்காமல் கடப்பவர்கள் குறைவு.

நிலம் அந்தக் கட்டடத்துக்குள் ஏதாவது வேலை செய்கிறதா, சுவரில் படமாக மட்டும் நிற்கிறதா என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. இதற்கு ரசனையைக் கொண்டு பதில் சொல்லத் தேவையில்லை. இயற்பியலும் தாவரவியலும் நீரியலும் போதும்.

915 மீட்டர் தரும் சலுகை

விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 915 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கம் 16 மீட்டரில். இந்த வித்தியாசத்துக்கு விமானம் ஒரு விலை கொடுக்கிறது. தேவனஹள்ளியின் காற்று கடலோரக் காற்றைவிட ஏறத்தாழ 8 சதவீதம் அடர்த்தி குறைந்தது. மெல்லிய காற்றில் இறக்கைக்குத் தூக்குவிசை குறைவு, என்ஜினுக்கு உந்துவிசை குறைவு. எனவே விமானம் தரையில் இன்னும் வேகமாக ஓடித்தான் எழ வேண்டும். அங்குள்ள இரண்டு ஓடுதளங்களும் தலா 4,000 மீட்டர் நீளம்.

விமானம் கொடுக்கும் இந்த விலைக்கு ஈடான சலுகையைக் கட்டடம் பெற்றுக்கொள்கிறது. உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அதைவிட முக்கியமானது ஈரம். மே மாதச் சென்னையில் ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். மார்ச் மாத பெங்களூரில் அதில் ஏறத்தாழ பாதிதான். காற்று வறண்டிருந்தால் வியர்வை உலரும். 30 டிகிரி வெயிலிலும் மர நிழலில் நிற்க முடியும்.

இரண்டாம் முனையத்தின் துணிச்சலான முடிவு இந்தச் சலுகையை நம்பி எடுத்ததுதான். பதிவு செய்யும் கூடத்துக்கும் விமானம் ஏறும் வாயில்களுக்கும் நடுவே, சுமார் 90 மீட்டர் அகலத்தில் திறந்தவெளித் தோட்டம் ஒன்றை விட்டிருக்கிறார்கள். வானம் தெரியும், மழை விழும், காற்று வீசும். பயணிகள் பாலங்களில் அதைக் கடக்கிறார்கள். அந்தப் பகுதிக்குக் குளிர்சாதனம் வேண்டாம். இதே தோட்டத்தை அப்படியே மீனம்பாக்கத்தில் வைத்தால், மே மாதத்தில் மக்கள் அதை ஓடிக் கடந்து ஏசிக்குள் நுழைவார்கள். அந்தத் தோட்டத்தில் இந்த ஊருக்கே உரியது செடிகளைவிட, அதைத் திறந்தே வைக்க முடிகிற துணிவு.

மூங்கில் தாங்குகிறதா?

அடுத்துக் கண்ணில் படுவது மூங்கில். தாவரவியலில் அது புல். 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, மரம் என்ற வரையறையிலிருந்து மூங்கிலை நீக்கினார்கள். காட்டுக்கு வெளியே வளர்த்த மூங்கிலை வெட்டவும் கொண்டு செல்லவும் இருந்த தடை அதன் பிறகு விலகியது.

ஒரு மூங்கில் கழி ஒரே பருவத்தில் முழு உயரத்தை எட்டிவிடும். உறுதிப்பட மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். குழாய்ச் சுவரின் உட்புறத்தில் இழைகள் அரிதாகவும் வெளிப்புறத்தில் நெருக்கமாகவும் இருக்கும். வளையும் பொருளில் அதிக இறுக்கம் ஏற்படுவது வெளி விளிம்பில்தான். பலம் தேவைப்படும் இடத்தில்தான் மூங்கில் தன் இழைகளைக் குவித்திருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் இழுவிசையில் அது எஃகோடு போட்டியிடும்.

குறையும் உண்டு. கழிக்குள் மாவுச்சத்து நிறைந்திருப்பதால் துளைக்கும் வண்டுகளுக்கு அது விருந்து. இரண்டு கழிகள் ஒரே தடிமனில் இருப்பதில்லை. எரியவும் செய்யும். அதனால் பெரிய கட்டடங்களுக்கான மூங்கிலைச் சிம்புகளாகப் பிளந்து, மாவுச்சத்தை நீக்கி, பூச்சிக்கும் தீக்கும் எதிரான பக்குவம் செய்து, பசையிட்டு அழுத்திப் பலகையாக்குகிறார்கள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் முனையத்தின் பாரத்தைத் தாங்குவது எஃகு. மூங்கில் அந்த எஃகைப் போர்த்தியிருக்கிறது, கூரைக்கு அடியில் பின்னலாகத் தொங்குகிறது. தேவனஹள்ளி மூங்கில் விளையும் பூமியும் கிடையாது. கர்நாடகத்தின் மூங்கில் காடுகள் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இருக்கின்றன. அப்படியானால் அது வெறும் அலங்காரமா? பதிலுக்கு மேலே பார்க்க வேண்டும்.

பின்னல் வழியே வரும் வெயில்

பெங்களூர் 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது கிடைமட்டக் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழும். கூரையில் கண்ணாடி பதித்தால் பகலில் விளக்கு வேண்டாம், ஆனால் வெப்பமும் கூசலும் சேர்ந்தே உள்ளே வரும். கண்ணாடியே இல்லாவிட்டால் பட்டப்பகலிலும் விளக்கெரிய வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது பின்னல்.

சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் சிறிய வட்டத் தட்டாகத் தெரிவதால், எந்த நிழலின் விளிம்பும் கொஞ்சம் மங்கும். எவ்வளவு மங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: நிழல் தரும் பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தை 108ஆல் வகுக்க வேண்டும். வீட்டு ஜன்னல் கம்பி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், மங்கல் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. அதனால் தரையில் கம்பி கம்பியாக நிழல் விழுகிறது. அதே கம்பிகளை 15 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் மங்கல் 14 சென்டிமீட்டர் ஆகும். கம்பிகளுக்கு இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தால் ஒரு நிழலின் மங்கல் அடுத்ததோடு கலந்துவிடும். தரையில் கோடுகள் மறைந்து மெத்தென்ற வெளிச்சம் மட்டும் மிஞ்சும்.

உயர்ந்த மரத்தடியில் நமக்குக் கிடைப்பதும் இதே வெளிச்சம்தான். கப்பன் பூங்காவின் பெருமரங்களுக்கு அடியில் இலை இடுக்குகளில் வரும் ஒளி தரையில் வட்ட வட்டமாக விழுவதைப் பார்க்கலாம். இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் தரையில் வட்டம்தான், ஏனென்றால் ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். மூங்கில் பின்னல் பிரம்பு முடையும் கலையிலிருந்து வந்தது என்று வடிவமைப்பாளர்கள் சொல்கிறார்கள். அதன் இயற்பியலோ மர நிழலினுடையது.

பின்னல் காதுக்கும் உதவும். கருங்கல் தரையும் கண்ணாடிச் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். கூடம் பெரிதாகப் பெரிதாக எதிரொலி அடங்கும் நேரம் நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடக் கூட அது குறையும். இந்த உறவை ஹார்வர்டில் வாலஸ் சாபின் 1890களில் கண்டறிந்தார். எதிரொலி அடங்க மூன்று நான்கு வினாடி ஆகும் கூடத்தில் ஓர் அறிவிப்பின் முதல் சொல்லே கடைசிச் சொல்லை விழுங்கிவிடும். இடைவெளி விட்ட பின்னல் ஒலியைச் சிதறடிக்கிறது; அதற்கு மேல் ஒலி உறிஞ்சும் பொருளை வைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் அது தன் வேலையைச் செய்யும்.

ஏரிக் கணக்கு

பெங்களூர் ‘தோட்ட நகரம்’ என்று பெயர் வாங்கியது இயற்கையின் தயவால் என்று நினைப்பவர்கள் உண்டு. லால்பாக்கின் நடுவே துருத்தி நிற்கும் பாறையைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுள்ள அந்தக் கடினப் பாறைதான் இந்த மேட்டுநிலத்தின் உண்மையான தரை. பெரிய ஆறு எதுவும் நகரத்தின் வழியே ஓடவில்லை. பாறைக்குள் நீர் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் முன்னோர்கள் சரிவுகளில் கரை போட்டு, ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழியும்படி சங்கிலிகளாக அமைத்தார்கள். ஜோகுபாளையத்துக்குப் பக்கத்தில் சுமார் 50 ஹெக்டேரில் விரிந்திருக்கும் அல்சூர் ஏரியும் மனிதர் கட்டியதே. ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக்கும் அப்படித்தான். தோட்டம் இங்கே நிலத்தின் கொடை என்பதைவிட நீர் மேலாண்மையின் விளைச்சல் என்பதே சரி.

ஆகவே, இந்த ஊரின் நிலக்காட்சியைப் பின்பற்றும் கட்டடம் செடியைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, ஏரியையும் கொண்டுவர வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெங்களூரின் ஆண்டு மழை சுமார் 970 மில்லிமீட்டர். ஒரு ஹெக்டேர் கூரையில் அது 97 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 77 லட்சம் லிட்டருக்கு மேல் கைக்கு வரும். செலவுப் பக்கம்: இந்த மேட்டுநிலத்தில் அடர்ந்த தோட்டம் நாளொன்றுக்கு நான்கரை மில்லிமீட்டர் நீரை ஆவியாக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேருக்கு அது 45,000 லிட்டர். மழை அரிதான ஜனவரி முதல் ஏப்ரல் வரை 120 நாட்களுக்கு 54 லட்சம் லிட்டர்.

ஒரு ஹெக்டேர் கூரை ஒரு ஹெக்டேர் தோட்டத்தைக் கோடையிலும் காப்பாற்றும், சேமிக்க இடம் இருந்தால். இரண்டாம் முனையத்தின் திட்டத்தில் மழைநீரைச் சேகரித்துத் தோட்டத்துக்கும் குளங்களுக்கும் பயன்படுத்துவது அடிப்படை அம்சம். கூரை நீர்ப்பிடிப்புப் பகுதி, குளம் ஏரி, தோட்டம் ஆயக்கட்டு என்று வைத்துப் பார்த்தால், பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடா காலத்து ஏற்பாடு நவீன உடையில் வந்திருக்கிறது எனலாம். திறந்த குளத்திலிருந்து நான்கு மாதங்களில் அரை மீட்டருக்கு மேல் ஆவியாகிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கோடையில் ஏரி சுருங்குவதை ஏற்றுக்கொண்ட உழவரின் பொறுமை, ஆண்டு முழுதும் பளபளக்கும் குளத்தை எதிர்பார்க்கும் விமானப் பயணிக்கு இருக்காது.

செடி எங்கே நிற்கிறது?

ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 0.68 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன 45,000 லிட்டருக்கு இது நாளொன்றுக்கு 30,000 யூனிட்டைத் தாண்டும். அந்த வெப்பம் தரையையும் காற்றையும் சூடாக்காமல் நீராவியோடு போகிறது. திறந்தவெளித் தோட்டம் குளுமையாக இருப்பதன் காரணம் இதுதான்.

அதே செடி மூடிய கூடத்துக்குள் வந்தால் கணக்கு தலைகீழாகும். அங்கே செடி விடும் நீராவிக்குப் போக வழி இல்லை. அதைக் குளிரவைத்து நீராக்கி வெளியேற்றுவது குளிர்சாதனத்தின் தலையில் விழும். வெளியே குளிரூட்டியாக இருந்த தாவரம் உள்ளே மின்சாரச் செலவாகிவிடுகிறது.

வெளிச்சமும் சிக்கல்தான். வெளியே நண்பகலில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். மனிதர்கள் நடமாட 200, 300 லக்ஸ் போதும். நமக்கு அது நல்ல வெளிச்சம், பெரும்பாலான செடிகளுக்குப் பட்டினி. அடர்காட்டின் தரையில் முழு வெளிச்சத்தில் ஒன்றிரண்டு சதவீதத்தில் பிழைக்கப் பழகிய இனங்கள்தான் உள்ளே தாக்குப்பிடிக்கும். அவற்றையும் கூரைக் கண்ணாடிக்கு நேர் கீழே வைக்க வேண்டும். இரண்டாம் முனையத்தின் தொங்கும் தோட்டங்களில் பசுமை நிலைக்க வேண்டுமானால், ஒளியும் தண்ணீரும் ஒவ்வொரு தொட்டிக்கும் அளந்து போய்ச் சேர வேண்டும். தேவனஹள்ளியின் வெட்டவெளியில் வெயில் காயும் செடி இங்கே வாழாது. மழைக்காட்டின் நிழல் செடிதான் வாழும். ஊரின் பெயரால் உள்ளே வந்திருப்பது வேறொரு ஊரின் காடு.

பறவை வராத தோட்டம்

நிலக்காட்சி என்றால் நீர், மரம், பறவை மூன்றும் சேர்ந்தது. விமான நிலையத்தில் மூன்றாவதற்கு அனுமதி இல்லை. நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் தரையிறங்கும் விமானத்தின் முன் ஒரு கிலோ எடையுள்ள பறவை வந்தால், மோதலின் ஆற்றல் ஏறத்தாழ 2,450 ஜூல். கால் டன் எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் அது. என்ஜின் விசிறியில் அது பட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 91ஆம் விதி, நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி இறைச்சிக்காகக் கால்நடை வெட்டுவதையும் குப்பை கொட்டுவதையும் தடுத்தது. எலஹங்காவில் விமானக் கண்காட்சி நடக்கும் நாட்களில் சுற்றுவட்டாரத்து இறைச்சிக் கடைகள் மூடப்படுவதற்கும் பருந்துகளே காரணம். இந்த நிலையில், ஓடுதளத்துக்கு அருகே குளமும் சோலையும் அமைப்பவர் இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டும். பழம் தரும் மரம் கூடாது, கூட்டமாக அடையும் கிளைகள் கூடாது, நாரை கால் வைக்க வசதியான ஆழமற்ற நீர்விளிம்பு கூடாது. அல்சூர் ஏரியிலிருந்து பறவைகளைக் கழித்தால் என்ன மிஞ்சுமோ, அதைத்தான் விமான நிலையத்தின் ‘இயற்கை’ தர முடியும். இது வடிவமைப்பாளரின் தவறு கிடையாது, இந்தக் கட்டட வகையின் எல்லை.

எடுத்துப் பார்க்கும் சோதனை

உள்ளூர்த் தன்மை கொண்டதாகச் சொல்லப்படும் எந்த முனையத்தையும் சோதிக்க ஒரு வழி உண்டு. அந்த அம்சத்தை மனத்தளவில் எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். புகைப்படம் மட்டும் மாறினால் அது அலங்காரம். மின்கட்டணம், தண்ணீர்த் தேவை, வெளிச்சம், இரைச்சல் ஆகியவற்றில் ஏதாவது மாறினால் நிலம் அங்கே வேலை செய்கிறது.

ஸ்கிட்மோர் நிறுவனமே 1980களின் தொடக்கத்தில் முடித்த ஜெட்டா ஹஜ் முனையம் இந்தச் சோதனையில் முதல் வரிசையில் நிற்கும். டாக்கா வட்டாரத்தில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கானின் பங்களிப்பு அதில் பெரிது. 45 மீட்டர் சதுரம் கொண்ட 210 கூடாரங்கள், டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணியால் ஆனவை. துணி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. சூடான காற்று உச்சித் துளை வழியே வெளியேறுகிறது. பாலைவனக் கூடாரத்தின் உருவத்தோடு அதன் செயலும் வந்திருக்கிறது. கூடாரங்களை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் மனிதர் நிற்க முடியாது. 1995இல் திறந்த டென்வர் நிலையத்தின் வெள்ளைக் கூடாரங்களோ பனி மூடிய ராக்கி மலைகளை நினைவூட்டுவதற்காக எழுந்தவை.

2024 ஜனவரி 2இல் திறக்கப்பட்ட திருச்சியின் புதிய முனையம், திருவரங்கத்துக் கோபுரங்களின் வண்ணங்களையும் கோலங்களையும் சுவர்களில் ஏந்தியிருக்கிறது. வளைகுடாவிலிருந்து ஆண்டுகள் கழித்துத் திரும்புபவருக்கு ஊர் வந்துவிட்டது என்று அது சொல்கிறது. அது சிறிய விஷயமில்லை. ஆனாலும் அது பண்பாட்டின் வேலை, நிலத்தின் வேலை இன்னும் பாக்கி. பெங்களூரின் இரண்டாம் முனையம் நடுவில் நிற்கிறது. திறந்தவெளித் தோட்டமும் மழைநீரும் கூரைப் பின்னலும் தேறிவிடும். தூணைப் போர்த்திய மூங்கிலும் உள்ளே கொட்டும் அருவியும் கண்ணுக்கு விருந்து என்ற அளவில் நின்றுவிடும்.

நிலம் உள்ளே வரும்போது

இந்தச் சோதனையில் கொச்சிக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். 2015 ஆகஸ்ட் 18இல் 45 ஏக்கரில் 12 மெகாவாட் சூரியமின் நிலையத்தைத் தொடங்கி, முழுக்கச் சூரிய சக்தியில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்று பெயர் பெற்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்டில், பெரியாற்று வெள்ளம் ஓடுதளத்தையும் சூரியப் பலகைகளையும் மூழ்கடித்தது. இரண்டு வாரம் நிலையம் மூடிக் கிடந்தது. வயல்கள் இருந்த தாழ்நிலத்தில் கட்டிய நிலையம் அது. அதற்கு முன்பு, 2015 டிசம்பரில், சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் நாட்கணக்கில் நின்றுபோனது. அதன் இரண்டாவது ஓடுதளம் அடையாற்றின் மேல் பாலமாகக் கடக்கிறது. ஆறு பெருகியபோது தன் பழைய அகலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

முனையத்தின் உள்ளூர்த் தன்மை பற்றிய பேச்சு பெரும்பாலும் கூரையிலும் தூணிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதே எந்த நிலத்துக்கும் முதல் அடையாளம். நந்தி மலைப் பக்கம் பெய்யும் மழையில் ஒரு பகுதி தென்பெண்ணையாகி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியே கடலூரில் கடல் சேர்கிறது. மேட்டில் ஒருவர் கட்டும் கட்டடம் பள்ளத்தில் இருப்பவரின் ஆற்றோடு தொடர்புடையது.

2022இல் அறிவிக்கப்பட்ட சென்னையின் புதிய விமான நிலையத்துக்குத் தேர்ந்திருக்கும் இடம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூர். ஏரிகளும் நெல் வயல்களும் கம்பன் கால்வாயும் உள்ள நிலம் அது. ஏகனாபுரம் மக்கள் அறிவிப்பு வந்த நாள் முதல் போராடி வருகிறார்கள். அங்கே முனையம் எழுந்தால் அதன் முகப்பில் பட்டுச் சேலையின் கரையோ கோபுரமோ இடம்பெறும் என்று இப்போதே ஊகிக்கலாம். அவற்றை வரைவது எளிது. அந்த ஏரிகளுக்கு இன்று வந்துசேரும் மழை, ஓடுதளம் போட்ட பிறகு எந்த வழியில் எங்கே போகும் என்று வரைந்து காட்டுவதுதான் கடினம். நிலத்தைப் பிரதிபலிப்பதாகச் சொல்லும் வடிவமைப்பாளரிடம் நாம் முதலில் கேட்க வேண்டிய வரைபடம் அதுவே. கூரையின் படத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.